பாயிண்ட் பாக்க வர்றவங்களும் பால் வாங்கப் போற நாங்களும்

ஏப்ரல் பொறந்துட்டா எங்க வீட்டுல போன் ஓயாது. மதுரையில இருந்து அண்ணன், திருமங்கலத்துல இருந்து சித்தி மக, வீட்டுக்காரர்கூட எப்பவோ வேலை பாத்த யாரோ ஒருத்தர்னு வரிசையா கூப்பிடுவாங்க. நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிச்சு கடைசியில "ஊட்டியில இப்ப க்ளைமேட் எப்படி"ன்னு வந்து நிப்பாங்க. அண்ணன் மட்டும் சுத்தி வளைக்க மாட்டாரு. "என்னத்தா, மே மாசம் பிள்ளைகளக் கூட்டிட்டு வர்றேன், ரெண்டு நாளு, எல்லா பாயிண்ட்டையும் பாத்துறணும்"னு நேராவே சொல்லிருவாரு.

பாயிண்ட்னா இங்க டாக்ஸிக்காரங்க கணக்கு. பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, பைக்காரா, ஷூட்டிங் ஸ்பாட்னு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க, காலைல ஏத்தினா சாயங்காலம் ரூம்ல இறக்கி விட்டுருவாங்க. அதுல பாதி நேரம் சேரிங்கிராஸ் ட்ராஃபிக்லயே போயிரும். தொட்டபெட்டா 2637 மீட்டர், நீலகிரியிலயே ஒசந்த சிகரம், டெலஸ்கோப் வெச்சிருக்காங்க, எல்லாம் சரி. ஆனா மே மாசம் மத்தியானம் மேல ஏறினா மேகம் மூடி பக்கத்துல நிக்கிற ஆளையே காணோம், டெலஸ்கோப்புல என்னத்த பாக்குறது. ராத்திரி பிள்ளைங்ககிட்ட இன்னிக்கு எது பிடிச்சிச்சுன்னு கேட்டா மொளகாப்பொடி தூவின மாங்காம்பாங்க. அதுக்கு மதுரையிலயே இருந்திருக்கலாம்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. வீடு ஃபெர்ன்ஹில் பக்கம். மாமனார் எச்.பி.எஃப்ல வேலை பாத்தவரு, இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கிற பேர்ல ஃபிலிம் ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்ட கவர்ன்மென்ட் கம்பெனி. டிஜிட்டல் கேமரா வந்து அது படுத்துருச்சு, ஏரியா பேர் மட்டும் எச்.பி.எஃப்னே நிக்குது. கம்பெனி போனதும் எங்க குடும்பத்துல ஒருத்தர் வண்டி வாங்கி டிராவல்ஸ்ல விட்டாரு, இன்னொருத்தர் காட்டேஜ் பாத்துக்குறாரு. அதனால டூரிஸ்ட்ட திட்டத்தான் இத எழுதுறேன்னு நெனைக்காதீங்க, எங்க வீட்டு அடுப்பே அவங்களாலதான் எரியுது. வர்றவங்க பாக்குற ஊரும் நாங்க இருக்குற ஊரும் ஒரே ரோட்டுல முட்டிக்கிட்டு நிக்குது, ஆனா ஒண்ண ஒண்ணு பாக்குறதே இல்லங்கிறதுதான் எனக்கு உறுத்தல். பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றவங்க ரெண்டாவது ஊர கொஞ்சம் பாத்தா அவங்களுக்கும் நல்லா இருக்கும், எங்களுக்கும் மூச்சு விட எடம் கெடைக்கும்.

வந்த புதுசுல என்னைப் படுத்தி எடுத்தது மாவு. எங்க ஊர்ல ராத்திரி அரைச்சு வெச்சா காலைல பொங்கி மேடையெல்லாம் வழியும், இங்க மறுநாள் சாயங்காலம் ஆனாலும் அரைச்சு வெச்ச மாதிரியே உக்காந்திருக்கும். அத்தைதான் பாத்திரத்த பழைய கம்பளியில சுத்தி அடுப்பு மேடை ஓரத்துல வெக்கச் சொல்லிக் குடுத்தாங்க, டிசம்பர்ல அதுவும் பத்தாது. தேங்காண்ணெய் பாட்டில்ல ஊத்தி வெச்சா அப்புறம் கத்தியால கொடைஞ்சுதான் எடுக்கணும், அதனால எல்லா வீட்டுலயும் வாய் அகலமான டப்பாதான். பருப்பு குக்கர் இல்லாம வேகவே வேகாது. ஊர் 2240 மீட்டர் ஒசரத்துல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும், தளபுளன்னு கொதிக்கிறத பாத்து வெந்துருச்சுன்னு நம்பினா அவ்ளோதான். அண்ணன் மகனுக்கு இதச் சொன்னப்ப அவன் நம்பல. மதுரையில வாங்கிட்டு வந்த சிப்ஸ் பாக்கெட்ட எடுத்துக் காமிச்சேன், பலூன் மாதிரி உப்பிப் போய் கிடந்துச்சு. உள்ள அடைச்ச காத்து கீழ அடைச்சது, வெளிய இருக்குற காத்து இங்க லேசானது, அதான்டான்னேன். அன்னிக்கு முழுக்க வீட்டுல இருந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் அமுக்கிப் பாத்துக்கிட்டே திரிஞ்சான். எந்தப் பாயிண்ட்லயும் அவன் அவ்ளோ ஆசையா எதையும் பாத்து நான் பாக்கல.

அதுக்காக பேர் போன இடமெல்லாம் வேஸ்ட்னு சொல்ல வரல. பொட்டானிக்கல் கார்டன் நெசமாவே நல்ல இடம். 1848ல மெக் ஐவர்ங்கிற தோட்டக்காரர் மலைச்சரிவையே செதுக்கிப் போட்டது, 55 ஏக்கர். எல்லாரும் கீழ இருக்குற புல்வெளியில, கண்ணாடி மாளிகையில போட்டோ எடுத்துட்டு திரும்பிருவாங்க, ஏன்னா கீழ வண்டிக்காரர் போன் பண்ணிக்கிட்டே இருப்பாரு. நீங்க மெதுவா மேல ஏறுங்க. ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரம் ஒண்ணு கல்லாவே மாறிக் கெடக்குது, பிள்ளைங்க அதத் தட்டிப் பாத்துட்டு மரமா கல்லான்னு சண்டை போட்டுக்கிட்டே வருவாங்க. அதுக்கும் மேல தோடர் பழங்குடி மக்களோட குடியிருப்பு இருக்கு, மந்துன்னு சொல்லுவாங்க, பாதி பீப்பாயக் கவுத்த மாதிரி வளைஞ்ச கூரை போட்ட கோயில், தவழ்ந்துதான் நுழையணும்ங்கிற அளவுக்குச் சின்ன வாசல். அது காட்சிக்கு வெச்ச எடம் கெடையாது, மனுஷங்க குடியிருக்காங்க, கேக்காம கேமராவத் தூக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. வெள்ளைத் துணியில செகப்பும் கருப்புமா போடுற தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடைச்சுது. நூல எண்ணி எண்ணிப் போடுற வேலை, வரைபடம் கெடையாது, பேனா அடையாளம் கெடையாது. வாங்குறதா இருந்தா அவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாம.

ஃப்ளவர் ஷோ மே மாசம். 1896லயே ஆரம்பிச்சது, நூறாவது ஷோவ ஒட்டித்தான் 1995ல ரோஸ் கார்டனே வந்துச்சு. ஒரு தடவையாவது பாக்கலாம்தான். ஆனா கைக்குழந்தையோட அந்தக் கூட்டத்துல வராதீங்க, நான் போயிருக்கேன், பூவவிட முதுகுதான் அதிகம் பாத்தேன்.

இப்ப ரயில். இதுக்கு நான் கொஞ்சம் பைத்தியம், பொறுத்துக்கோங்க. 1899ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ஓடுச்சு, ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908ல. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை, 2005ல யுனெஸ்கோ பட்டியல். கல்லாறு தாண்டினதும் பன்னண்டு மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏறுற அளவுக்கு சரிவு. சாதா ரயில் சக்கரம் அதுல வழுக்கிரும்ங்கிறதால நடுவுல பல்லு வெச்ச பட்டை படுத்திருக்கும், இன்ஜினுக்கு அடியில இருக்குற பல்சக்கரம் அதக் கடிச்சுக் கடிச்சு ஏறும். இன்ஜின் முன்னாடி நின்னு இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும், பொட்டி பிச்சிக்கிட்டு கீழ ஓடிறக் கூடாதுல்ல. ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி புடிக்க நிக்கிறப்ப பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் அந்தப் பல்லப் பக்கத்துல காமிங்க, கிரீஸ் அப்பி மினுமினுன்னு இருக்கும். குரங்கு மட்டும் ஜாக்கிரதை, பிஸ்கட்ட கையில வெச்சுக்கிட்டு எறங்கிறாதீங்க.

மேட்டுப்பாளையம் டிக்கெட் சீசன்ல கெடைக்கிறது குதிரைக்கொம்பு. கெடைக்கலன்னா மனசொடைஞ்சு போக வேண்டாம், சின்னக் குழந்தைங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஒரே பெஞ்சுல உக்கார்றது ஒத்து வராது, ரெண்டு மணி நேரத்துலயே நச்சரிக்க ஆரம்பிச்சிரும். குன்னூர்ல இருந்து ஊட்டி வர்ற வண்டியப் பிடிங்க, டீசல் இன்ஜின்தான், பல்சக்கரம் கெடையாது, ஆனா ஒண்ணேகால் மணி நேரத்துல வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு கேத்திப் பள்ளத்தாக்கு முழுசும் ஜன்னல்ல விரியும். அதுலதான் எங்க ஆளுங்களும் போவோம். காலேஜ் பசங்க, குன்னூர் சந்தைக்குப் போய்ட்டு பையோட ஏறுற பாட்டிங்க, எல்லாரையும் பாக்கலாம். ஒரு பாட்டி உங்க பிள்ளைக்கு வர்க்கி நீட்டினா வாங்கிக்கோங்க. மொறுமொறுன்னு அடுக்கடுக்கா இருக்கும், டீயில முக்கிச் சாப்பிடணும், வெறும்வாயில தின்னா உடம்பெல்லாம் தூளாயிரும். அதுக்கும் 2023ல புவிசார் குறியீடு வந்துருச்சு.

அண்ணன் பிள்ளைங்களுக்கு நான் கண்டுபிடிச்ச நெஜமான பாயிண்ட் எந்த லிஸ்ட்லயும் இல்ல, கேரட் கழுவுற எடம். முத்தோரை பாலாடா ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் காய்கறித் தோட்டம், கேரட், பீட்ரூட், முட்டகோஸ், பூண்டுன்னு படிக்கட்டு படிக்கட்டா இறங்கும். ராத்திரியே டார்ச் கட்டிக்கிட்டு கேரட் பிடுங்க ஆரம்பிச்சிருவாங்க, விடிய விடிய மூட்டை மூட்டையா கழுவுற மெஷினுக்கு வரும். மெஷின்னா பெரிய இரும்புக் கூடை உருண்டை, மோட்டார் போட்டு சுத்த விட்டு உள்ள தண்ணியப் பீச்சி அடிப்பாங்க. கொட்டுறப்ப வெறும் சேத்துக் கட்டி, உள்ள கடகடகடன்னு உருண்டு, கீழ செவ்வாழைத் தோல் கலருல தண்ணி ஓடும், கதவத் தொறந்தா ஆரஞ்சா சரிஞ்சு விழும். விழுந்த வேகத்துல பொம்பளைங்க உக்காந்து பெருசு சிறுசு, ஒடைஞ்சதுன்னு கையாலயே பிரிச்சு மூட்டை பிடிச்சு லாரியில ஏத்திருவாங்க, மேட்டுப்பாளையம் மண்டிக்கு. கேட்டா ஒரு கேரட்டத் தூக்கிக் குடுப்பாங்க, குளிர்ல பல்லு கூசும், அவ்ளோ இனிப்பு. வழியில போக்குவரத்துக்கு மறைக்காம ஓரமா நில்லுங்க, அவங்க நேரத்தோட போட்டி போட்டுக்கிட்டு இருக்காங்க. அதே ரோட்டுல பழங்குடியினர் ஆய்வு மையத்தோட மியூசியம் இருக்கு, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடி மக்களோட வீடு, பொருளெல்லாம் வெச்சிருக்காங்க. கூட்டமே இருக்காது. பிள்ளைங்க ஓடியாடி கேள்வி கேட்டா பதில் சொல்ல அங்க நேரம் இருக்கும்.

சரி, மே மாசத்துல நாங்க எப்படி இருக்கோம்னும் சொல்லிடுறேன். அரை லிட்டர் பால் வாங்க மெயின் ரோட்ட தாண்டணும்னா கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு கால் மணி நேரம் நிக்கணும். ஆட்டோ சீசன் ரேட், தக்காளி சீசன் ரேட், வாடகைக்கு இருக்குறவங்கள சீசனுக்கு ரெண்டு மாசம் காலி பண்ணச் சொல்லி காட்டேஜா விடுற வீட்டுக்காரங்களும் உண்டு. கோடையில குழாய்த் தண்ணி முறை வெச்சுதான் வரும், லாட்ஜ் பக்கம் மட்டும் தண்ணி லாரி போய்க்கிட்டே இருக்கும். எங்களுக்கு பெரிய பயம் ஆம்புலன்ஸ்தான். பெரிய கேஸ்னா கோயம்புத்தூருக்குத்தான் ஓடணும்னு இருந்துச்சு, 2025ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தெறந்ததும் கொஞ்சம் தெம்பு வந்துருக்கு.

ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, வெளியூர் வண்டி இங்க வர ஆன்லைன்ல எடுக்குற அனுமதி. அப்ப எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்ல, பதிவு பண்ணினா போதும். 2025 சீசனுக்கு வெளி வண்டிங்க வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000னு வரம்பு வெச்சாங்க. டிஎன் 43 போட்ட எங்க வண்டிக்கும் கவர்ன்மென்ட் பஸ்ஸுக்கும் தேவையில்ல. இதுக்கு ஊருக்குள்ளயே ரெண்டு கட்சி. வியாபாரிங்க கடையடைப்பே நடத்தினாங்க, எங்க வீட்டுலயே டிராவல்ஸ்காரரும் காட்டேஜ்காரரும் சாப்பாட்டு நேரத்துல இத எடுத்தா சோறு ஆறிரும். நான் இ-பாஸ் கட்சி. அண்ணனுக்கு ஒரு சனிக்கிழமை பாஸ் கெடைக்கலன்னு என்கிட்ட, "நீ அந்த ஊர்க்காரிதான, ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் குடுக்க மாட்டியா"ன்னாரு. நான் என்ன கலெக்டரா. பஸ்ல வாங்கண்ணே, மேட்டுப்பாளையத்துல கார நிறுத்திட்டு வாங்கன்னேன். மூஞ்சியத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்தாரு, வந்தப்புறம் பார்க்கிங் தேடுற வேலை இல்லாம நடந்தே சுத்தினாரு.

ஊரோட இன்னொரு மொகம் மழையில. வந்தவங்க போட் விடுற ஏரி 1820கள்ல சல்லிவன்ங்கிற கோயம்புத்தூர் கலெக்டர் வெட்ட வெச்சது, இப்ப பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்குற எடமெல்லாம் முன்னாடி அந்த ஏரிதான். தண்ணிக்கு அது மறக்கல போல, கனமழை பேஞ்சா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல வந்து நின்னுக்கும். 2009 நவம்பர் மண்சரிவப் பத்தி இன்னிக்கும் இங்க மெதுவாத்தான் பேசுவாங்க, 40 பேருக்கு மேல போனாங்க. 2019 ஆகஸ்ட் 8ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை, எண்பத்திரண்டு, மில்லிமீட்டர் இல்ல. எங்க மதுரைப் பக்கம் வருஷம் பூரா பேயுறதே அது கிட்டத்தான் வரும். அதனாலதான் வீடு கட்டுறதுக்கு இங்க 1993ல வந்த மாஸ்டர் பிளான், ஏழு மீட்டர் ஒசரக் கட்டுப்பாடு, ஜேசிபி எறக்க பர்மிஷன்னு ஆயிரத்தெட்டு ரூல். ஒரு செண்டு வாங்கி மலை வியூவோட வீடு கட்டிரலாம்னு வர்ற சொந்தக்காரங்களுக்கு நான் மொதல்ல சொல்றது, ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் ஒரு தடவ இருந்து பாருங்கன்னுதான். யூனிபார்ம் மூணு நாளா காயாம, அயர்ன் பாக்ஸ் போட்டு ஆவி பறக்கப் பறக்க காய வெச்சு பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிப் பாத்தா தெரியும். காலைல கேட்ட தொறந்தா காட்டுமாடு நிக்கும், அது நகர்ற வரைக்கும் ஸ்கூலும் கெடையாது ஆபீஸும் கெடையாது, டீச்சரும் காரணம் கேக்க மாட்டாங்க.

எப்ப வரலாம்னு கேட்டா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ரெண்டாவது சீசன்னு சொல்லுவோம், கார்டன் மறுபடி பூவாயிருக்கும், கூட்டம் பாதிகூட இருக்காது. மழை கொஞ்சம் விளையாடும், குடை வெச்சுக்கோங்க. குளிர் பாக்கணும்னா ஜனவரி. ராத்திரி வானம் தெளிவா இருந்தா காலைல காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி உக்காந்திருக்கும், பைக் சீட்ல நகத்தால பேர் எழுதலாம். ஏழரை மணிக்கு வெயில் வந்தா காணாமப் போயிரும், அதனால பிள்ளைங்கள ஆறு மணிக்கே போர்வையோட தூக்கிட்டு வரணும். சந்தோஷப்படுங்க, ஆனா பக்கத்துல தேயிலைத் தோட்டக்காரர் இருந்தா கொஞ்சம் அடக்கமா, அந்த வெள்ளை படிஞ்ச கொழுந்தெல்லாம் அவருக்கு கருகிப் போற கணக்கு. ஸ்வெட்டர் ஊர்ல இருந்தே கொண்டு வாங்க. இல்லன்னா கார்டன் ரோட்டுல திபெத்தியன் மார்க்கெட் இருக்கு, பயப்படாதீங்க. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் பூரா தடை, செக்போஸ்ட்லயே எறக்கி வெச்சிருவாங்க.

கீழ எறங்குறப்ப கவனம். சீசன்ல மேல ஏற குன்னூர் ரோடு, கீழ எறங்க கோத்தகிரி ரோடுன்னு ஒன்வே போட்டுருவாங்க, மத்த நாள்ல எது வேணாலும். குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்ற பிள்ளை இருந்தா கோத்தகிரி வழி கொஞ்சம் பரவால்ல. சாப்பிட்ட உடனே கெளம்பாதீங்க, பிள்ளைங்க கையில போன் குடுக்காதீங்க, ஜன்னல எறக்கி விடுங்க. ஓட்டுறவங்க ஏறின கியர்லயே எறங்குங்க, நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலையெல்லாம் சமவெளியோட வெச்சுக்கோங்க, பிரேக்லயே கால வெச்சுக்கிட்டு வந்தா பாதியிலயே கருகல் வாடை வரும். வந்துருச்சுன்னா தண்ணி ஊத்தாம ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆற விடுங்க. ஜூன், ஜூலைல குன்னூர் வழியா எறங்கினா பர்லியார்ல நிறுத்திக்கலாம், மங்குஸ்தான் வந்திருக்கும், தோல அமுக்கிப் பாத்து மெத்துன்னு இருக்குறதா எடுங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள கெட்டுப் போயிருக்கும். கறை பட்டா சட்டையில போகாது, பிள்ளைங்களுக்கு பழைய சட்டை போட்டு எறக்குங்க.